பெர்ட்டி மாமா மூடாத குழாய்

குழாய் சொட்டுகிற வீட்டில் ஒரு குழாய்க்காரரைப் படுக்க வைத்தால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்? எமில் வோலக் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் குளியலறையில் 'டொக்' என்றது. எட்டு எண்ணி முடிப்பதற்குள் இன்னொரு 'டொக்'.

வாஷர் தேய்ந்துவிட்டது என்பது கட்டிலில் இருந்தபடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. ஒஹாயோவில் அவர் பெயரைத் தாங்கிய பதினான்கு வண்டிகள் ஊர் முழுக்க ஓடி இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே.

மெய்ன் கடற்கரைக்கு வண்டி ஓட்டி வந்த வழியெல்லாம் மகள் மரிசா பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

"அப்பா, மூணே நாள். எதையும் ரிப்பேர் பண்ணக் கூடாது. எது என்ன விலைன்னு சொல்லக் கூடாது, கேக்கவும் கூடாது. வீடு நல்லா இருக்குன்னு சொல்லிடாதீங்க."

"நல்லா இருந்தாலுமா?"

"இருக்காது. அதனாலதான் சொல்றேன்."

"அப்புறம் எதுக்கும்மா அங்க போறோம்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க வீட்டுல என் பேரை எழுதுவாங்க. சர்ச்சுல நடக்கறதெல்லாம் ஊருக்காக. லாத்ரப் குடும்பத்துக்கு இதுதான் கல்யாணம். எலியட்டோட அண்ணன் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. அவ பேரை எழுதல. அதோட முடிஞ்சு போச்சு."

"ஏன், அந்தப் பொண்ணுக்கு என்ன?"

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அவங்கப்பாதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிக்கல. சாப்பிடறப்ப, தன்னோட புது வீட்டுக்கு எவ்வளவு ஆச்சுன்னு சொல்லிட்டாராம்."

மகள் தன் வருங்காலக் கணவன் எலியட்டைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி ஆகிறது என்று எமில் பார்த்திருக்கிறார். அந்த முகம் தன் வாயாலோ கையாலோ வாடிவிடக் கூடாது என்று அப்போதே உறுதி எடுத்துக்கொண்டார்.

வந்து பார்த்தால் பன்னிரண்டு அறைகள் கொண்ட பெரிய மர வீடு. அதை அவர்கள் 'குடில்' என்றார்கள். தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நாற்காலிகளில் ஒன்றை மீன்பிடிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். எலியட்டின் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஆல்டன் லாத்ரப் என்று அழகான பெயர் இருந்தும், எல்லோரும் அவரை நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல 'டஃபி' என்றார்கள். அவர் மனைவி 'பின்னி'. டஃபியின் ஸ்வெட்டர் எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் இருந்ததோ, அதன் ஓட்டை வழியாக அவர் இரு முழங்கைகளும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

எமிலோ மனைவி வாங்கிக் கொடுத்த புதுச்சட்டையில் இருந்தார். கடை மடிப்புகூட இன்னும் கலையவில்லை. ஒரு பெட்டி நிறைய சாசேஜும் வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியும் கொண்டுவந்திருந்தார். "எவ்வளவு அன்பு உங்களுக்கு" என்று சொல்லிப் பின்னி அதை ஓரமாக வைத்தாள். அன்றிரவு ஆளுக்கு நாலு பிஸ்கட், கொஞ்சம் சீஸ், ஐந்து பேருக்காக நறுக்கிய ஒரே ஒரு தக்காளி. யானைப் பசியோடு போய்ப் படுத்தார். படுக்கை விரிப்பையும் துண்டையும்கூட விருந்தாளிகளே கொண்டுவர வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கமாம். பெரிய இடம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நினைத்தால் இப்படி நாலு வீட்டை எமில் வாங்கிப் போடலாம். அதுதான் அவருக்குப் புரியவே இல்லை. ஓட்டை ஸ்வெட்டர் டஃபியுடையது, ஆனால் கூச்சம் மட்டும் எனக்கு வருகிறதே, இது என்ன நியாயம்?

'டொக்.'

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். குழாய் பிடித்த கை மட்டும் சும்மா இருக்குமா? எமில் மெல்ல எழுந்து போய், வண்டியிலிருந்து ஒரு ஸ்பானரையும் ஒரு புது வாஷரையும் எடுத்து வந்தார். ஐந்தே நிமிடம். சொட்டு நின்றது. பழைய வாஷரை ஜன்னல் வழியாகக் கடலில் எறிந்துவிட்டுக் குழந்தை மாதிரித் தூங்கினார்.

காலையில் சமையலறைக்குப் போனால் சாவு வீடு போல இருந்தது. பின்னி காபியைக் கலக்காமல் கரண்டியை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள். டஃபி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெர்ட்டி நின்னுட்டாரு" என்றார் டஃபி.

எமில் மெல்ல எலியட்டின் பக்கம் சாய்ந்தார். "யாரு தம்பி பெர்ட்டி?"

"அப்பாவோட பெரிய மாமா, சார். 1917ல போருக்குப் புறப்பட்டப்ப அவசரத்துல மேல இருக்கற குழாயைச் சரியா மூடாமப் போயிட்டாரு. திரும்பி வந்து மூடறேன்னாராம். அதனால அன்னையிலேர்ந்து யாரும் அதைத் தொடல."

"ஐயோ பாவம். போர்ல போயிட்டாரா?"

"இல்ல, திரும்பி வந்தாரு. எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு. ஆனா வேற குளியலறையைத்தான் பயன்படுத்தினாரு."

எமில் சிரிக்கலாமா கூடாதா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுல ஒரு ஆணியைக்கூட நாங்க தொடறதில்ல, எமில்" என்றார் டஃபி. "எங்க ஆளுங்க 1889லேர்ந்து இங்க வர்றாங்க. வந்தப்ப எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுட்டுப் போகணும். அதுதான் எங்க கொள்கை."

"தானா நின்னிருக்கும்" என்றார் எமில்.

"தானா எதுவும் சரியாகற வீடு இல்லையே இது" என்றாள் பின்னி.

மரிசா அப்பாவின் கட்டை விரல் நகத்தில் இருந்த கறுப்பு மசியை மட்டும் பார்த்தாள். எமில் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என்றால் எல்லோரும் பாய்மரப் படகில் போவது வழக்கம். எமில் தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிக் கரையிலேயே நின்றுகொண்டார். படகில் ஏறும்போது மரிசா அவர் காதோடு சொன்னாள்:

"அப்பா, நாங்க நாலு மணிக்குத் திரும்பி வருவோம். அதுக்குள்ள அந்தக் குழாய் சொட்டணும்."

"இவ்வளவுதானே. நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா."

நாற்பது வருடமாக ஒழுகலை நிறுத்தித்தான் அவருக்குப் பழக்கம், உண்டாக்கிப் பழக்கமில்லை. வாஷரைக் கழற்றிப் போட்டால் குழாய் கொட்டியது. மாட்டினால் ஒரு துளிகூட வரவில்லை. கத்தியால் ஓரத்தில் சிறிது கீறிப் பார்த்தார். மூன்று எண்ணுவதற்குள் சொட்டியது. பெர்ட்டி மாமா இத்தனை அவசரக்காரர் இல்லையே என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினார். அப்புறம் இன்னும் ஒரே ஒரு சுற்று.

சுவருக்குள் 'மடக்' என்றது. நூறு வருஷத்துப் பைப், பாவம், எத்தனை நாள்தான் மரியாதைக்காக நிற்கும்? பீறிட்டுக்கொண்டு வந்த தண்ணீர் எமிலை முதலில் குளிப்பாட்டியது. பிறகு தரைப்பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு எங்கே என்று தேடி அவர் வீடு முழுக்க ஓடினார். அது சமையலறைத் தரைக்குக் கீழே இருந்தது. அதைக் கண்டுபிடித்து மூடுவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

பைப்பை ஒட்ட வைப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. அதோடு, வந்த ஆத்திரத்தில் கை தானாகவே சரியாக விழ, குழாயும் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சொட்டு என்று அச்சாக அமைந்துவிட்டது. அப்பாடா என்று கீழே வந்தால், சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையின் சுவரும் கதவுச் சட்டமும் நனைந்து ஊறி, பழைய பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்து கிடந்தது.

மணி பன்னிரண்டு. கொட்டகையில் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் இருந்தது. சாமான் அறைக்குள் பல்பு எரியவில்லை. எந்தக் காலத்தில் போனதோ, அதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஜன்னலும் இல்லாத அந்த அரையிருட்டில் எமில் வேலையை ஆரம்பித்தார். பொரிந்ததைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தார். சுவரை மட்டும் அடித்துவிட்டுச் சட்டத்தை விட்டால் அது தொழில் தர்மம் ஆகுமா? சட்டத்தையும் மேலிருந்து கீழ்வரை தேய்த்து, அடித்து முடித்தார். வண்டியிலிருந்து ஒரு பல்பைக் கொண்டுவந்து மாட்டி, தன் கைவேலையை ரசிப்பதற்காகச் சுவிட்சைப் போட்டார்.

கீலுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், ஒரு சாண் இடத்தை உப்புத்தாள் விட்டுவைத்திருந்தது. அங்கே குறுக்காக ஒரு பென்சில் கோடு. பக்கத்தில் சிறிய எழுத்தில்: 'ஆல்டன், 2 வயது, 1957.'

எமிலின் கையிலிருந்த பிரஷ் தானாக இறங்கியது. அவர் வீட்டுச் சமையலறைக் கதவிலும் இதே போலக் கோடுகள் உண்டு. 'மரிசா, 3 வயது.' 'மரிசா, 7 வயது, முன்பல் விழுந்த அன்று.' மனைவி மூன்று தடவை பெயின்ட் அடிக்கச் சொல்லியும் மூன்று தடவையும் சண்டை போட்டு அந்தக் கதவைக் காப்பாற்றியவர் அவர்தான். பேரை எழுதுவார்கள் என்று மரிசா சொன்னதும் ஏதோ தோல் அட்டை போட்ட புத்தகத்தில் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே. இதோ, இந்தச் சட்டத்தில்தான் எழுதுவார்கள். ஐந்து தலைமுறையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அதன் மேல் பெயின்டும் அடித்தாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும் என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை. அவருக்கு அழுகை வந்தது. தனக்காக இல்லை, மகளின் முகத்தை நினைத்து.

"என்னய்யா இது, புது வெள்ளையா இருக்கு?"

சமையலறைக் கதவருகில் ஒரு கட்டு விறகோடு ஓரின் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். பக்கத்து ஊர்க்காரர். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று டஃபி முதல் நாளே அறிமுகம் செய்துவைத்திருந்தார். இந்த வீட்டில் எமிலோடு பைப்பைப் பற்றிப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்யா" என்றார் எமில்.

ஓரின் விறகை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் தேச்சிருக்க. மூணு பூச்சு போச்சே."

"என் பொண்ணு வாழ்க்கை போச்சுய்யா."

"எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"நாலுக்கு."

"அப்ப டீ குடிக்க நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓரின் வெளியே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஆறடி நீளத்துக்கு ஒரு மெல்லிய பலகை. அதில் கோடுகள், பெயர்கள், வருடங்கள். ஒன்று விடாமல் அத்தனையும்.

எமில் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எதுக்குய்யா எழுதி வச்சிருக்க?"

"மர வீடாச்சே. பூச்சி அரிக்கும், மழை ஒழுகும், சம்பந்தி வருவாரு. எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும்ல."

இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். ஓரின் டீயைக் கெட்டியாகக் காய்ச்சச் சொன்னார். குடிப்பதற்கு இல்லை. அதில் அடுப்புக் கரியைக் கலந்து துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததும், வெள்ளைப் பெயின்டுக்கு ஐம்பது வயது கூடிவிட்டது. பிறகு பலகையைச் சட்டத்தோடு சேர்த்து வைத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"1931 வரைக்கும் இடது கை" என்று சொல்லிப் பென்சிலை இடது கைக்கு மாற்றினார். "அப்ப எழுதினவரு எட்வர்ட் ஐயா, இடதுகைக்காரரு. அதுக்கப்புறம் அவரு சம்சாரம். அந்தம்மா எழுத்து கொஞ்சம் சாயும்."

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எத்தனை தடவை பண்ணியிருக்க?"

"நீ பலகையை ஆடாமப் பிடிய்யா."

நாலு மணிக்குப் படகு வந்தது. டஃபி வீட்டுக்குள் காலை வைத்ததும் மாடிப்படியின் அடியில் நின்று காதைக் கொடுத்தார். 'டொக்.' அவர் உதடு அசைந்தது. எட்டு வரை எண்ணுகிறார் என்று எமிலுக்குத் தெரிந்தது. 'டொக்.'

"பெர்ட்டி வந்துட்டாரு" என்றார் டஃபி. பின்னி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்கு எல்லோரும் சாமான் அறை வாசலில் கூடினார்கள். உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்துப் பின்னி திகைத்தாள்.

"யாரு பல்பு போட்டது?"

எமில் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து ஓரின் சொன்னார்: "நான்தாம்மா மாத்தினேன்."

"ஓ, நீங்களா" என்று டஃபி சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப நன்றி ஓரின். நீங்க பண்ணினா சரியாத்தான் இருக்கும்."

வேலைக்காரரிடம்கூட எவ்வளவு பணிவு என்று எமில் வியந்தார்.

டஃபி கதவுச் சட்டத்தைத் தொட்டுவிடாமல் மேலிருந்து கீழாகக் கையை ஓட்டினார். கண்கள் கலங்கின. "பணம் வரும், போகும், எமில். யாரு வேணும்னாலும் வீடு வாங்கலாம். இந்தக் கோடுகளை எந்தக் கடையில வாங்குவீங்க?"

"எங்கயும் கிடைக்காது" என்றார் எமில் மனப்பூர்வமாக. ஓரின் கூரையைப் பார்த்தார்.

மரிசா செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். எலியட் அவள் தலை மேல் ஒரு புத்தகத்தை வைத்துக் கோடு போட்டான். 'மரிசா' என்று டஃபி தன் கையால் எழுதினார். மரிசா அழுதாள், பின்னி அழுதாள். எமில் இருவரையும் மிஞ்சினார்.

"நீங்களும் வந்து நில்லுங்க எமில்" என்றார் டஃபி.

"நானா?"

"ஒரு பொண்ணோட அப்பாவை இதுவரைக்கும் நாங்க நிக்க வச்சதில்ல. உங்களை நிக்க வைக்கணும்னு தோணுது. வந்ததிலேர்ந்து ஒரு பொருளைத் தொடல. எங்களைப் புரிஞ்சுக்கிட்ட மனுஷன் நீங்க."

மரிசா இருமினாள். எமில் போய்ச் சட்டத்தில் முதுகை அழுத்தி நின்றார். ஐந்தடி ஏழு அங்குலம். விலகியபோது, இன்னும் காயாத பெயின்டும் டீயும் கரியும் சேர்ந்து அவர் புதுச்சட்டையின் முதுகில் நீளமாக ஒரு கோட்டை இழுத்துவிட்டன. மாட்டிக்கொண்டோம் என்று அவர் கண்ணை மூடினார்.

பின்னி அவர் முதுகைப் பார்த்தாள். "இப்பதான் இந்தச் சட்டை பார்க்க நல்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்பது குடும்ப வழக்கமாம். பின்னி படுக்கை விரிப்புகளைப் பையில் திணித்தாள். டஃபி தன் கையாலேயே சமையலறையைக் கூட்டி, குப்பையைக் கட்டிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். குளிர்பெட்டியைத் திறந்து, எதுவும் மிச்சமில்லையே என்று இரண்டு தடவை பார்த்தார். எத்தனை பெரிய மனிதர், எத்தனை எளிமை என்று எமில் உருகிப்போனார். மரிசா அப்பாவைக் கட்டிக்கொண்டு, "தாக்குப் பிடிச்சிட்டீங்கப்பா" என்று காதில் சொல்லிவிட்டு எலியட்டோடு ஏறிக்கொண்டாள். டஃபி குடும்பத்தின் துருப்பிடித்த பழைய கார் இருமிக்கொண்டே திருப்பத்தில் மறைந்தது. அது மறையும்வரை ஓரின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

எமில் அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் சொல்ல முடிந்தது.

"என் பொண்ணைக் காப்பாத்திட்ட. ஆனா எனக்காக உன் முதலாளியை ஏமாத்த வேண்டியதாப் போச்சே. நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சு உன்னை வேலையை விட்டு அனுப்பினா நேரா ஒஹாயோ வந்துடு. என்கிட்ட உனக்கு எப்பவும் வேலை இருக்கு."

"எந்த முதலாளிய்யா? இந்த வீட்டை அவருகிட்ட இருந்து நான் வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு, அவங்க ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் வாடகைக்கு வர்றவங்க," என்றார் ஓரின், "ஆனா அவரு உள்ள இருக்கறப்ப முன்வாசல் வழியா நுழையறதுக்குத்தான் எனக்கு இன்னும் கால் வரல."